அப்பா வேய்ந்த கூரை

பாடாலூர் நெடுஞ்சாலையோரம் இருந்த பண்ணையார் வீட்டை, கம்பங்களைக்கூட மாற்றாமல் ஓட்டல் ஆக்கியிருக்கிறார்கள். அப்பாவோடு காரிலிருந்து இறங்கியதும், நனைந்த கரும்புத் தோகைக் கூரையின் வாசனை என்னை மூன்றாம் வகுப்புக்குக் கொண்டுபோனது.

பங்குனிதோறும் அப்பாதான் அதை வேய்வார். மேலிருந்து அவர் செருகும் கயிற்றை உள்ளேயிருந்து வாங்கித் திருப்பித்தர அந்த வீட்டு ஆள் நிற்பார். அப்பா கூரைமேல் ஏறலாம். கீழே நுழையக் கூடாது. அந்த வருடம் வேய்ந்து முடித்ததும் கோடைமழை பிடித்துக்கொண்டது.

"எறங்கி அந்தப் புளியமரத்தடியில ஒதுங்குடா" என்றார் பண்ணையார், உள்ளிருந்தே. நானும் ஓடிப்போய் அப்பாவோடு நனைந்தேன்.

இன்றும் மழை வலுத்தது. "உள்ள வாங்கப்பா, எடம் இருக்கு" என்று திரும்பினேன். அப்பா புளியமரத்தடியில் நின்றிருந்தார்.

"நீ போயி சாப்புட்டு வாய்யா. மழ இப்ப வுட்ரும்."