பெரிய மிஸியின் கடவுச்சொல்

போர் நின்றிருந்த சமாதான காலத்தில் எங்கள் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு கம்பியூட்டர் வந்தது. நான் அங்கே தாதியாக இருந்தேன். அதை எங்களுக்குப் பழக்கிவிட்டுப் போன கொழும்பு இளைஞர், தலைமைத் தாதியான பெரிய மிஸியிடம் ஒன்றை அழுத்திச் சொன்னார்.

"கடவுச்சொல்லை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது, மிஸி. இஞ்ச வேலை செய்யிற ஆக்களுக்கும் சொல்லக்கூடாது."

பெரிய மிஸி சொல் மாறாதவர். எங்களிடம் வாயே திறக்கவில்லை. ஆனால் ஊசி போடுமுன் மருந்தின் பெயரை உரக்க வாசித்தே காலம் கழித்தவர். கம்பியூட்டருக்கு முன் இருந்தாலும் அந்தப் பழக்கம் வந்துவிடும். "கத்தரிக்காய்... ஏழு" என்று சொல்லி, "கே, ஏ, ரீ" என ஒவ்வொரு ஆங்கில எழுத்தாகத் தேடிக் குத்துவார். நாங்கள் காது கேளாதவர்கள்போலப் பஞ்சு உருட்டிக்கொண்டிருப்போம்.

ஒருநாள் அவர் நெளுக்குளத்துக்கு ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டார். வட்டக்கச்சியில் வயல் செய்யும் கமக்காரர் ஒருவர், முதல்நாள் புடையன் பாம்பு கடித்து வந்தவர், கட்டிலில் கிடந்தார். அவருக்கு விஷமுறிவு மருந்து ஏற்றிய நேரம் டொக்டருக்கு வேண்டியிருந்தது. அது கம்பியூட்டருக்குள் இருந்தது.

"கடவுச்சொல் என்ன?"

நான் மேலே சுழன்ற விசிறியைப் பார்த்தேன். மற்ற மிஸி தன் செருப்பைப் பார்த்தார். தெரியும் என்றால் பெரிய மிஸி சொல்லிவிட்டார் என்றாகிவிடும்.

"தெரியாது, டொக்டர்."

கமக்காரர் தலையைத் தூக்கினார். "கத்தரிக்காய் ஏழு, ஐயா."

டொக்டர் அடித்துப் பார்த்தார். திறக்கவில்லை.

"ரீ ரண்டு தரம் அடியுங்கோ. அவா அப்பிடித்தான் அடிக்கிறவா."

திறந்தது.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நேற்றையில இருந்து கேட்டுக்கொண்டுதானே கிடக்கிறன்."

பக்கத்துக் கட்டில்காரரும் ஓம் என்று தலையாட்டினார். டொக்டர் நேரத்தைக் குறித்துக்கொண்டு இரத்தத்தை மறுபடி சோதிக்கச் சொன்னார். கமக்காரர் சில நாளில் சுகமாகி, மகனின் சைக்கிளில் வீட்டுக்குப் போனார்.

பெரிய மிஸி திரும்பி வந்ததும், கமக்காரருக்குக் கடவுச்சொல் தெரிந்திருந்ததை மட்டும் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே, பிள்ளை."

"ஓம் மிஸி. நீங்கள் சொல்லேல்லை."

வாசித்து வாசித்து அடிக்கிறீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரோ எட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்றே அவர் முடிவு கட்டினார். அடுத்த நாள் காலை, நோயாளிகளுக்கென்று எங்களிடம் இருந்த ஒரேயொரு துணி மறைப்பைத் தள்ளிக்கொண்டுபோய்க் கம்பியூட்டரைச் சுற்றி நிறுத்தினார்.

அன்று இடுப்புக்குக் கீழே ஊசி போட வந்தவர் பரந்தனில் கடை வைத்திருந்தவர். இடுப்பில் உடுத்திருந்த சாரத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார்.

"மிஸி, மறைப்பு எங்க?"

"அது கம்பியூட்டருக்கு வேணுமாம், அண்ணை" என்றேன். "நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுங்கோ."