எழுந்திருக்க முடியாத தியானம்

போன வாரம் என் மகள் ஆன்லைனில் வாங்கிய யோகா பாயைக் கூடத்தில் விரித்தாள். புது ரப்பர் வாசனை குப்பென்று கிளம்பியது. "நல்லா இருக்காம்மா?" என்று கேட்டாள். நல்லாத்தான் இருந்தது. ஆனால் என் தொடைகள் இரண்டும் தாமாகவே ஒட்டிக்கொண்டன. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை.

உங்களிடம் சொல்வதற்கென்ன. அந்த வாசனை என்னை நேராகச் செங்கம் ரோட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டது. ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் மாடிக் கூடம் இருந்தது. குளிர்காலம் முழுக்க வெளிநாட்டுக்காரர்கள் அங்கே யோகா செய்வார்கள். வெயில் ஏற ஏற மூட்டை கட்டிவிடுவார்கள். சித்திரையில் அந்தப் பக்கம் காப்பிக் கடைகள்கூட ஈயோட்டும். சும்மா பூட்டிக் கிடப்பதற்கு உள்ளூர்ப் பெண்களாவது வரட்டுமே என்று அந்த மாடியின் சொந்தக்காரர், யோகா சொல்லித்தரும் சம்பத் மாஸ்டரிடம் சாவியைக் கொடுத்தார். வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பாய்கள்தான் எங்களுக்கும். குப்புறப் படுத்தால் ரப்பரும் ஊதுவத்தியும் முகம் தெரியாத யாரோ ஒருவரின் வியர்வையும் கலந்து மூக்கில் ஏறும்.

மாஸ்டர் சென்னையில் ஜிம் நடத்தியவர். பிறகு மனசு மாறி மலையடிவாரத்துக்கு வந்து தியானம் பழகினார். இரண்டையும் விட மனசில்லாமல் ஒன்றாகக் கலந்துவிட்டார். முதலில் குதிக்க வேண்டும், ஓட வேண்டும், அப்புறம் ஆசனம், கடைசியில் கண்ணை மூடி உட்கார வேண்டும். "உடம்பு களைச்சாத்தாம்மா மனசு உட்காரும். சும்மா உட்கார்ந்தா சாம்பார்தான் ஞாபகம் வரும்" என்பார்.

நான் அப்போது அடி அண்ணாமலையில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். இரண்டாவது குழந்தை பிறந்து நடக்க ஆரம்பித்திருந்தது. இடுப்பு வலிக்கு உடற்பயிற்சி செய்யச் சொன்னார்கள் என்று சேர்ந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சுடிதார் போட்டேன். தெருவில் அப்படிப் போக வெட்கப்பட்டு அதன்மேல் நைட்டியை மாட்டிக்கொண்டு போவேன். மாடிப்படியில் கழற்றிப் பையில் திணிப்பேன். மாமியாருக்கு இது தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். என் துணிகளைத் துவைத்துக் காயப்போட்டது அவர்தான் என்பது ரொம்ப நாள் எனக்கு உறைக்கவே இல்லை.

பிரசவத்துக்குப் பிறகு தும்மினால், இருமினால் எனக்குக் கொஞ்சம் நனையும். யாரிடமும் சொன்னதில்லை, கணவரிடம்கூட. கௌரவமாகச் சொல்ல அதற்கு ஒரு பெயர் இருப்பதாகவும் எனக்குத் தெரியாது. அப்படியிருக்க, ஒருநாள் மாஸ்டர் கையையும் காலையும் விரித்து வேகவேகமாகக் குதிக்கச் சொன்னார். நாலு குதிதான் தாங்கினேன். அன்றைக்கென்று பார்த்து வெளிர் நீலப் பேண்ட். சட்டென்று பாயில் உட்கார்ந்து, கால் சுளுக்கிவிட்டது என்றேன். தியானம் ஆரம்பித்தபோது அப்பாடா என்றிருந்தது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

ஆனால் தியானம் முடியுமே! முடிந்தது. எல்லோரும் பாயைச் சுருட்டினார்கள். நான் மட்டும் கண்ணைத் திறக்கவில்லை. யாரோ தோளைத் தொட வந்திருக்க வேண்டும். மாஸ்டரின் குரல் தணிந்து கேட்டது: "எழுப்பாதீங்கம்மா. உள்ள போயிட்டாங்க." எல்லோரும் பூனை மாதிரி அடிவைத்து இறங்கிப் போனார்கள்.

அதற்கப்புறம் குதிக்கிற நாளெல்லாம் இதே கதை. நான் தியானத்தில் ஆழ்ந்தவள் என்று பேர் பரவியது. ஒரு பெண் என் பாய் ஓரமாக மல்லிகைச் சரம் வைத்துவிட்டுப் போனாள். இன்னொருத்தி, "உள்ள இன்னாக்கா தெரியுது?" என்று பயபக்தியோடு கேட்டாள். "இருட்டுதான்" என்றேன். பெரிய தத்துவம்போல் தலையை ஆட்டிக்கொண்டாள். உள்ளே என்ன ஓடியது தெரியுமா? அண்ணாமலையாரே, அந்த ஃபேனை யாராவது இன்னும் கொஞ்சம் வேகமாக வைக்கட்டும் என்பதுதான்.

கடைசியில் மாஸ்டர், "திங்கட்கிழமை முன்னாடி வந்து உட்காருங்க டீச்சர். உங்க அனுபவத்தை எல்லாருக்கும் சொல்லுங்க" என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மறுநாளிலிருந்து போகவில்லை.

என்னைத் தேடிப் பள்ளிக்கே வந்தது கோமதி அக்கா. எங்களோடு யோகாவுக்கு வந்துகொண்டிருந்த போலீஸ்காரம்மா. பௌர்ணமிக் கூட்டத்தில் அவர் ஒரு விசில் அடித்தால் வேன்காரர்கள் நடுங்குவார்கள்.

"இன்னா டீச்சர், ஆளே காணோம்?"

"வேலை ஜாஸ்திக்கா."

"பொய் சொல்லாத. தியானத்துல ஓரக்கண்ணால ஃபேனைப் பார்த்துனு இருந்தியே, நான் கவனிச்சேன்." அப்புறம் குரல் இறங்கியது. "எனக்கும் அப்படித்தான். என் பையன் பொறந்ததுலேர்ந்து. பௌர்ணமி டூட்டின்னா முந்தின நாளே தண்ணி குடிக்கிறத நிறுத்திடுவேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் குழந்தைகளின் குட்டி நாற்காலியில் முட்டி இடிக்க உட்கார்ந்துகொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை இருவரும் போனோம். மாஸ்டர் குதிக்கச் சொல்லிக் கையைத் தட்டியதும் கோமதி அக்கா, "குதிக்கிறது வேணாம் மாஸ்டர்" என்றார்.

"ஏம்மா?"

"வேணாம்னா விட்டுடுங்களேன்."

"உடம்பு களைக்காம தியானம் எப்படிம்மா வரும்? டீச்சரையே கேளுங்க."

ஊரையே விரட்டுகிற கோமதி அக்கா குனிந்து பாயின் ஓரத்தை நீவ ஆரம்பித்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த மல்லிகைப்பூப் பெண்ணும் பார்த்தாள். எங்கிருந்து வந்ததோ, நான் சொல்லிவிட்டேன்: "குதிச்சா ஒண்ணுக்கு வந்துடுது மாஸ்டர். அதனாலதான் நான் எழுந்திருக்கறதே இல்ல."

தரை பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. பிறகு பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "எனக்கும்தான்" என்றது ஒரு குரல். "எனக்குச் சிரிச்சாலே வரும்டி, சிரிக்க வெக்காதீங்க" என்றது இன்னொன்று. அவ்வளவுதான், கூடமே உருண்டு புரண்டு சிரித்தது. மாஸ்டர் காது சிவக்க ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் எங்களுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டு பேசினார். "மூலபந்தம்னு ஒண்ணு இருக்கும்மா. கீழ... அதாவது... அடக்கற மாதிரி... மேல இழுத்துப் பிடிக்கணும். முதல் நாளே சொல்லியிருக்கணும். லேடீஸ் கிட்ட எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்." அவர் சட்டை முதுகில் வியர்த்து ஒட்டியிருந்தது. பாவம், எங்களைவிட அவர்தான் அதிகம் கூசிப்போயிருந்தார். அந்தக் கோடை முழுக்கச் சுவரைப் பார்த்தேதான் அதைச் சொல்லிக்கொடுத்தார். எனக்கு முக்கால்வாசி குணமானது. அதன்பிறகு என்னை யாரும் யோகி என்று நினைக்கவில்லை, பூவும் வைக்கவில்லை.

மார்கழியில் வெளிநாட்டுக்காரர்கள் திரும்பி வந்தார்கள். கூடத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுத்தோம். மாஸ்டர் மகனோடு பெங்களூர் போய்விட்டார். கோமதி அக்காவுக்கு மாற்றலாகி, அப்புறம் தொடர்பே விட்டுப்போயிற்று. அந்த வீட்டை இடித்து இப்போது அடுக்கடுக்காக லாட்ஜ் கட்டியிருக்கிறார்கள்.

சில மாதங்களுக்கு முன் தேரடி வீதியில் அந்த யோகாக் கூடத்துப் பெண் ஒருத்தியைப் பார்த்தேன், சிரிக்க வைக்காதீங்க என்றவளை. தக்காளி விலை பேசினோம், பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். நடுவில் அவளுக்கு இருமல் வந்தது. பேச்சை நிறுத்தி, காலைக் குறுக்கே போட்டு, கடை வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான் சட்டென்று கோபுரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். இருமல் நின்றதும் அவளும் கோபுரத்தைப் பார்த்தாள். "கூட்டம் ஜாஸ்தியாயிடுச்சு இல்ல?" என்றாள். "ஆமாம், ரொம்ப ஜாஸ்தி" என்றேன்.