கடல் வற்றும் நேரம்

அத்தை மகனைக் கடல் கொண்டுபோன பிறகு, அத்தை வீட்டில் மீன் வாங்குவது நின்றுபோனது. கடற்கரை ஊரான முதுநகரில் இருந்துகொண்டு மீன் இல்லாமல் சாப்பிடுவது எவ்வளவு பெரிய வைராக்கியம் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். மாமாவோ, கருமாதி முடிந்த கொஞ்ச நாளிலேயே ராடும் ரீலுமாக ஒரு தூண்டில் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். "எம் புள்ளைய முழுங்குன கடல்ல மீன் புடிக்கப் போறியா? நீயெல்லாம் மனுசனா?" என்று கேட்டதோடு அத்தை அவரிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள். சோற்றை மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். மாமா தானே போட்டுக்கொண்டு சாப்பிடுவார்.

அந்தக் கோடை விடுமுறைக்கு நான் அங்கே போயிருந்தேன். நான் அண்ணன் என்றே கூப்பிட்டுவந்த அத்தை மகன் இல்லாத வீட்டில் இருக்கவே பயமாக இருந்தது. மாமா போனில் தூண்டில் வீடியோக்களாகப் பார்த்துக்கொண்டிருப்பார், நானும் ஒட்டிக்கொள்வேன். அதில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்: அலை வெள்ளையாக உடைகிற இடத்தில் அடியில் மணல் திட்டு இருக்கும். இரண்டு திட்டுக்கு நடுவே, அலையே இல்லாமல் கறுப்பாக, பரம சாதுவாகக் கிடக்கிற தண்ணீர்தான் பள்ளம். கடல் ஏறும்போது மீன் அங்கேதான் மேயும். வற்றும்போது தண்ணீரெல்லாம் அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் திரும்பும். ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். சிதம்பரத்துக் காலேஜ் சிநேகிதர்களோடு அண்ணன் குளிக்க இறங்கியதும் அப்படியொரு சாதுவான தண்ணீரில்தான்.

இவ்வளவும் தெரிந்த மாமா, ஞாயிற்றுக்கிழமையானால் கடல் வற்றுகிற நேரம் பார்த்துத்தான் புறப்படுவார். பை நிறையக் கிழங்கான் மீனோடு மற்றவர்கள் திரும்பும்போது நாங்கள் எதிரே போவோம். "தேரு நெலைக்கு வந்தப்புறம் வடம் புடிக்க வரியா மச்சான்?" என்று கேலி செய்வார்கள். எனக்கு மானம் போகும்.

ஒருநாள் திட்டக்குடியிலிருந்து வேனில் வந்த ஒரு கூட்டம், அலை இல்லாத இடமாகப் பார்த்துப் பிள்ளைகளை இறக்கியது. மாமா ராடை என் கையில் திணித்துவிட்டு ஓடினார்.

"தூண்டில் போட்டிருக்குங்க, முள்ளு காலக் கிழிச்சிடும். அந்தாண்ட போயிடுங்க."

"கடல வெலைக்கு வாங்கிட்டியாய்யா?" என்றார் ஒருவர். மாமா கையெடுத்துக் கும்பிட்டார். முனகிக்கொண்டே அவர்கள் அலை உடைகிற பக்கம் நகர்ந்தார்கள்.

அதற்குள் நான் ரீலைச் சுற்றினேன். ஈயக்குண்டு மட்டும் வந்தது. இரையும் இல்லை, முள்ளும் இல்லை. முள் கட்டக்கூட மறந்த மனிதரோடா இத்தனை வாரம் வெயிலில் காய்ந்தோம் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் கோள் மூட்டினேன். "முள்ளே கட்டல அத்தை. கடல் வத்துற நேரத்துல வெறும் குண்டப் போட்டுட்டு, குளிக்க வரவங்கள வெரட்டிக்கிட்டு இருக்காரு."

"எந்த எடத்துல?"

"அலை இல்லாத எடத்துலதான். எப்பவும் அங்கதான்."

அத்தை அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா கால் கழுவிவிட்டு வந்து தட்டை எடுத்தபோது, அதை அவர் கையிலிருந்து வாங்கிச் சோறு போட்டாள். கத்திரிக்காய்க் குழம்பு ஊற்றினாள். மாமா சோற்றில் கை வைக்காமல் குனிந்தே உட்கார்ந்திருந்தார்.

ஒரு மீன்கூடப் பிடிக்கத் தெரியாத மனிதர் மேல் அத்தைக்கே இரக்கம் வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.