வலது முட்டிக்கு ஓர் இடம்

எங்கள் அலுவலகத்தில் யார் எங்கே பறந்தாலும் டிக்கெட் போடுவது நான்தான். கூடவே கூரியர், காகிதக் கட்டு, தண்ணீர் கேன், ரிப்பேரான மின்விசிறி எல்லாமும் என் தலையில்தான். பன்னிரண்டு வருடமாக இதே மேசை. ஜன்னல் ஓரம் வேண்டும், முன்வரிசை வேண்டும், பக்கத்தில் கைக்குழந்தை வேண்டாம் என்று ஆளாளுக்கு வந்து நிற்பார்கள். எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, கிடைத்ததைப் போட்டு அனுப்பிவிடுவேன். திரும்பி வந்து முனகினால் காதில் வாங்க மாட்டேன். ஐந்து மணி நேரம் உட்கார்ந்து போகிற நாற்காலிக்கு இவ்வளவு ராஜ உபசாரமா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

ஒன்றுமே கேட்காத ஒரே ஆள் கம்பம் அண்ணாதான். முழுப் பட்டப்பெயர் கொடிக்கம்பம். ஆறடி மூன்று அங்குலம். வயது ஐம்பத்தொன்று. லாரிகளை ஏற்றி நிறுத்தி எடை போடுகிற பெரிய மேடைகளைச் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை வைப்பது அவர் வேலை. சிமென்ட் ஆலை, உருக்காலை, துறைமுகம் என்று நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய் வருவார். மேலே நின்று எண்ணைப் படித்தால் மட்டும் போதாது. மேடைக்கு அடியில் ஆள் ஆழத்துக்குக் குழி இருக்கும். ஏணி வழியாக இறங்கி, மண்டியிட்டு நகர்ந்து, மேடையைத் தாங்கி எடையை அளக்கிற உணரிகளை ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கல் சிக்கியிருக்கும், சேறு இறுகியிருக்கும், எலி கம்பியைக் கடித்து வைத்திருக்கும். இன்றைக்கு எண் சரியாகக் காட்டும், பத்து நாளில் பல்லை இளிக்கும். இருபத்துமூன்று வருடத்தில் அவர் முத்திரை வைத்த எந்த மேடையைப் பற்றியும் ஒரு புகார்கூட வந்ததில்லை.

அப்படிப்பட்ட மனிதர் இந்த வருடம் திடீரென்று சீட்டு விஷயத்தில் என் உயிரை வாங்க ஆரம்பித்தார். ஒரு சிமென்ட் ஆலைக்குப் போக வேண்டும். ஐந்தரை மணி நேரப் பயணம். காலையில் ஏறினால் பிற்பகல் இரண்டு மணிக்குக் குழியில் இறங்கியாக வேண்டும். நேராகப் போகிற விமானம் இரண்டு கம்பெனிக்குத்தான் இருந்தது. வாலில் பூசிய நிறத்தை வைத்து ஒன்றை மஞ்சள் வால் என்போம், இன்னொன்றைப் பச்சை வால் என்போம். மஞ்சள் வாலில் சீட்டுக்கு முப்பத்தொரு அங்குல இடம் என்று போட்டிருந்தான், பச்சையில் இருபத்தொன்பது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது, மஞ்சளிலேயே போட்டுவிடுகிறேன் என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த கட்டம் போட்ட தாளை எடுத்து மேசைமேல் விரித்தார்.

போன பயணங்களில் எல்லாம் ஸ்டீல் டேப்பை வைத்து அளந்து குறித்திருக்கிறார் மனிதர். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ என்று கேட்டேன். தையல்காரன் என்று நினைத்திருப்பார்கள் என்றார்.

"அவன் போடற முப்பத்தொண்ணு, இந்த சீட்டு முதுகுலேர்ந்து அந்த சீட்டு முதுகு வரைக்கும். மெத்தையோட தடிமனும் அதுக்குள்ளதான் வருது. மஞ்சள் வால்ல பழைய மெத்தை, திண்டு மாதிரி இருக்கும். பச்சையில மெல்லிசு. கடைசியில முட்டிக்கு மிஞ்சறது பச்சையிலதான் அரை அங்குலம் ஜாஸ்தி."

சரி, பச்சையிலேயே போடட்டுமா என்றால் அதற்கும் தலையைச் சொறிந்தார். பச்சையில் சீட்டுக்கு அடியில் ஒரு இரும்புப் பெட்டி இருக்கிறதாம், கால் உள்ளே போகாதாம். நடைபாதை ஓரம் கிடைத்தால் காலை வெளியே நீட்டலாம். ஆனால் நடைபாதை வலது கைப் பக்கம் வருகிற வரிசையாக இருக்க வேண்டும். அப்படியே கிடைத்தாலும் சாப்பாட்டு வண்டி வந்து இடிக்கும். நான் பொறுமை இழந்துவிட்டேன். "அண்ணா, நீங்க சீட்டு பாக்கறீங்களா, வீடு கட்ட மனை பாக்கறீங்களா?" என்று கேட்டேன். சிரித்தார், ஆனால் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

அதற்கு முந்தின வாரம்தான் அவர் மனைவி, அண்ணி, எனக்குப் போன் பண்ணியிருந்தார். வேறொரு பயணத்திலிருந்து அவர் திரும்புகிற விமானம் எத்தனை மணிக்கு இறங்கும் என்று கேட்கத்தான் கூப்பிட்டது, பேச்சு எங்கெங்கோ போனது. இவர் வீட்டு மாடிப்படியில் கொஞ்ச நாளாக நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்குகிறார், கேட்டால் எரிந்து விழுகிறார் என்று சொன்னார். வலது பக்கம், வலது பக்கம் என்று இவர் நாலாவது தடவை சொன்னபோது எனக்கு அது ஞாபகம் வந்தது. வாயைக் கிளறினேன். வலது முட்டிதானே என்று நேராகவே கேட்டேன்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். முட்டிக்குள் தேய்ந்துவிட்டதாம். மண்டியிடக் கூடாது, சீக்கிரம் அறுவை செய்துகொள்ள வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். என் வேலையே மண்டியிடுவதுதான் என்று இவர் அவரிடம் சொல்லவில்லை. காலை நீட்டிக்கொண்டு போனால் இறங்கின பிறகு மூன்று மணி நேரம் முட்டி சொன்ன பேச்சைக் கேட்கும். மடக்கிக்கொண்டு போனால் அன்றைக்கு முழுக்கப் பூட்டிக்கொள்ளும். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு சர்க்கரை ஆலைக்குப் போனபோது நடு சீட்டு. நான் போட்டதுதான். போய் இறங்கியதும் முட்டி பூட்டிக்கொண்டது. மேலேயிருந்தே டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார். எண்கள் எல்லாம் சரியாக இருந்தன. அறிக்கைத் தாளின் கடைசி வரியில் 'கீழே இறங்கிப் பார்த்தேன்' என்று இருக்கும். அதில் டிக் போட்டுவிட்டு முத்திரை வைத்துவிட்டார்.

"யாரும் ஒண்ணும் கேக்கலம்மா. அதான் தொண்டையில நிக்குது" என்றார். "இந்தத் தடவையும் பூட்டிக்கிச்சுன்னா, ஒண்ணு மறுபடியும் பொய் டிக் போடணும். இல்லன்னா ஆபீஸ்ல முத்திரையைத் திருப்பிக் கொடுத்துடணும்."

மேலாளரிடம் சொல்லிவிடலாமே என்றேன். சொன்னால் நாற்காலியில் உட்காரவைத்து மற்றவர்களின் அறிக்கையைப் படிக்கச் சொல்வார்கள், அந்தப் பிழைப்புக்கு நான் ஆக மாட்டேன் என்றார். எனக்கு அவர்மேல் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. அந்த நடு சீட்டைப் போட்ட கையை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மஞ்சள் வாலில் அவசரக் கதவை ஒட்டி ஒரு வரிசை உண்டு. முன்னால் சீட்டு தள்ளி இருக்கும், கொடிக்கம்பத்தையே படுக்கவைக்கலாம். அதில் வலது பக்கம் நடைபாதை வருகிற சீட்டு ஒன்று காலியாக இருந்தது. டிக்கெட் கொஞ்சம் கூடுதல்தான், அதற்குக் காரணம் எழுத வேண்டும். 'சோதனைக் கருவிகளின் சுமை' என்று எழுதி நீட்டினேன். மேலாளர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். எனக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

அன்றைக்கு வீட்டில் என் சாமர்த்தியத்தைக் கொஞ்சம் அதிகமாகவே அளந்துவிட்டேன். என்னைக் கழிப்பறைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து அழைத்துப் போனாயே என்று என் வீட்டுக்காரர் குத்திக்காட்டினார். அதையும் சந்தோஷமாகவே வாங்கிக்கொண்டேன்.

விமானத்தில் நடந்ததைக் கம்பம் அண்ணா பிறகு எனக்குச் சொன்னார். ஏறி உட்கார்ந்து காலை நீட்டியதும் நிம்மதியாக மூச்சு விட்டிருக்கிறார். கதவு மூடுவதற்கு முன்னால் பணிப்பெண் வந்திருக்கிறாள். அவசரம் என்றால் இந்தக் கதவைத் திறந்து மற்றவர்கள் இறங்க உங்களால் உதவ முடியுமா என்று அந்த வரிசையில் ஒவ்வொருவரையும் கேட்பது வழக்கம். மற்ற இரண்டு பேரும் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே தலையாட்டினார்கள். இவர் கதவு எத்தனை கிலோ என்று கேட்டிருக்கிறார்.

அந்தப் பெண் அசரவில்லை. பதினைந்து இருக்கும் சார் என்றாள். தூக்கி வெளியே போட்டுவிட்டு நாம் எப்படி இறங்குவது என்று அடுத்த கேள்வி. குனிந்து, ஒரு காலை முதலில் வெளியே வைத்து, உடம்பை மடக்கி இறக்கைக்குப் போக வேண்டும் என்று அவள் கையால் காட்டினாள். எந்தக் கால் முதலில் என்றுகூடக் கேட்டாராம். அப்புறம் நீட்டியிருந்த வலது முட்டியை மடக்கிப் பார்த்தார்.

"என்னால முடியாதும்மா. முட்டி மடங்காது" என்றார்.

முட்டி மடங்காது என்று வெளி ஆளிடம் அவர் தானாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. விமானம் நிரம்பி வழிந்தது. கடைசி வரிசையில் நடுவில் உட்கார்ந்திருந்த குள்ளமான ஒருவர் சந்தோஷமாக எழுந்து வந்து இவர் இடத்தில் உட்கார்ந்தார். இவர் அங்கே போய் மடங்கினார். கடைசி வரிசை என்பதால் சீட்டைச் சாய்க்கவும் முடியாது. வழியில் இரண்டு மணி நேரம் விமானம் ஆடியதில் எழுந்து நிற்கவும் விடவில்லை.

இரண்டு மணிக்கு ஆலையில் குழியின் விளிம்பில் நின்றார். ஏணியில் ஒன்பது படி. முதல் படியில் இடது காலை வைத்தார், வலது கால் கூட வரவில்லை. விளிம்பில் உட்கார்ந்து கையை ஊன்றி இறங்கப் பார்த்தார். ஆலை மேற்பார்வையாளர் ஓடி வந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். வரிசையில் பதினாலு லாரி நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. எண் சரியாகத்தானே காட்டுகிறது, முத்திரையை வைத்துவிட்டுப் போங்கள், நாங்கள் யாரிடம் சொல்லப் போகிறோம் என்றார் மேற்பார்வையாளர். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான்.

அந்த நேரம் நான் கூரியர் தாளில் கையெழுத்து வாங்க மேலாளர் அறையில் நின்றிருந்தேன். போன் வந்தது. மேலாளர் அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தாளைத் தேடினார்.

"சார், நான் குழியில இறங்கலை. முட்டி மடங்கலை. முத்திரை வெக்காமத் திரும்பி வரேன்." பின்னால் லாரிச் சத்தம் கேட்டது. "நாலு மாசத்துக்கு முன்னாடி சர்க்கரை ஆலையிலயும் இறங்கலை சார். அங்க இறங்கினேன்னு எழுதிட்டேன்."

மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார். நான் அந்த ஸ்பீக்கரையே பார்த்தேன். முதலாவதைச் சொன்னது சரி. இரண்டாவதை யார் கேட்டது? மேலாளர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, வெளியே போங்கள் என்று கண்ணால் சொன்னார்.

அவர் திரும்பி வந்த அன்றைக்கு நான் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். இத்தனை பாடுபட்டு சீட்டு வாங்கிக் கொடுத்தேனே, ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் கோணிக்கொள்ளுமா, அந்தக் கதவை என்றைக்காவது யாராவது திறந்து பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தாள்ல கேட்டிருந்தா டிக் போட்டிருப்பேனோ என்னவோ. அந்தப் பொண்ணு என் முகத்தைப் பாத்துக் கேட்டுது. எனக்குப் பின்னால முப்பது பேர் உக்காந்திருந்தாங்கம்மா."

நான் எழுந்து என் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன்.

சிமென்ட் ஆலைக்கும் சர்க்கரை ஆலைக்கும் வேறொருவரை அனுப்பினார்கள். அந்தப் பத்து நாளும் கம்பம் அண்ணா தினமும் அலுவலகத்துக்கு வந்து, ஒரு வேலையும் இல்லாமல், ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அறுவைக்கு நாள் குறித்துக்கொண்டு வந்துவிட்டார். அண்ணி எனக்குப் போன் பண்ணி, எப்படிம்மா இவரைச் சம்மதிக்கவைத்தாய் என்று கேட்டார். நான் ஒன்றும் செய்யவில்லை அண்ணி என்றேன். அவர் நம்பவில்லை.

பதினோராவது நாள் சர்க்கரை ஆலையிலிருந்து அறிக்கை வந்தது. குழி சுத்தம். ஒரு கல் இல்லை, ஒரு கம்பி கடிபடவில்லை. உணரிகள் எல்லாம் சரி. மேலாளர் எங்கள் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார். உங்கள் முத்திரை சரிதான், நீங்கள் போனில் சொன்னதை நான் எங்கேயும் எழுதவில்லை, முட்டியைச் சரிசெய்துகொண்டு பழையபடி வேலையைப் பாருங்கள், இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடலாம் என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மேலாளர் கையைப் பிடித்துக் குலுக்கலாம் போல இருந்தது.

கம்பம் அண்ணா பையைத் திறந்து, சின்னத் துணிப்பையில் சுற்றி வைத்திருந்த முத்திரையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அது சரியாத்தான் இருந்திருக்கு சார். ஆனா முத்திரை வெக்கும்போது எனக்கு அது தெரியாதே."

இருபத்துமூன்று வருடத்தில் ஒரே ஒரு தடவைதானே என்று சொல்லிக்கொண்டே மேலாளர் அதை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் எடுக்கவில்லை. அறுவை முடிந்ததும் அந்தக் குழிக்குத் தானே போய் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

"மடங்கலேன்னா?" என்று மேலாளர் கேட்டார்.

"மடங்கலேன்னா இது உங்ககிட்டயே இருக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டு, வாசலில் குனிந்து வெளியே போனார்.