வால் நறுக்கிய ஒரு சொல்

கம்பி கட்டுகிறவர் குளியலறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார் என்று தொழிலாளர் விடுதி முழுக்கப் பேச்சு. சோப்பு நுரையில் வழுக்கினார் என்றது ஓர் அறை. போன் பேசிக்கொண்டே போனார் என்றது இன்னொன்று. விசாரித்தால், அந்தக் குளியலறைக் குழாயில் இரண்டு நாளாக வெறும் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. காய்ந்த தரையில் வழுக்கி விழத் தனித் திறமை வேண்டும்.

நடந்தது தெரிந்தவன் வாத்தியார். அவனும் கம்பி கட்டுகிறவன்தான். விழுந்தவரின் மனைவிக்குத் தம்பி. அத்தான் விசா ஏற்பாடு செய்துதான் இந்த ஊரையே பார்த்தான். 'வாத்தியார்' என்பது ஃபோர்மேனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்ததால் வந்த பட்டம்.

ஃபோர்மேனுக்கு வேறு மொழி. 'சீக்கிரம்' வாயில் நுழையவில்லை, வேறு வார்த்தை கேட்டார். "விடுவிடுன்னு" என்றான் வாத்தியார். அவர் வாலை நறுக்கிவிட்டுத் தலையை மட்டும் வைத்துக்கொண்டார். மறுநாள் "விடு, விடு" என்று கத்தியதும், ஆட்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"விடச் சொன்னீங்களே சார்."

பத்து நாள் சிரித்தார்கள். அவசரப்படுத்த அவர் அந்தச் சொல்லை விடவில்லை.

ஆனால் கம்பிக் கட்டு சுமப்பவர்களுக்கு அது வேலைச் சொல். முன்னால் போகிறவர் "விடு" என்றால் எல்லோரும் ஒன்றாகத் தோளிலிருந்து இறக்க வேண்டும். அத்தான் அடிபட்ட அன்று, மூன்று மணிக்கு வரவேண்டிய கான்கிரீட் லாரியை ஒரு மணிக்கே வரச் சொல்லியிருந்தார்கள். நாலு பேர் தூக்கும் கட்டை இரண்டு பேர் தூக்கினார்கள்: முன்னால் அத்தான், பின்னால் வாத்தியார். பக்கத்தில் கம்பி அறுக்கும் மெஷின். காலையிலிருந்து சாப்பிடாதவன் காது யார் குரல் என்று பார்ப்பதில்லை. ஃபோர்மேன் "விடு" என்றார். வாத்தியார் விட்டான். அத்தான் விடவில்லை. கட்டு அவர் தோளிலிருந்து துள்ளி வலது கணுக்காலில் இறங்கியது.

வாசல் பலகையில் 'விபத்தில்லாத நாட்கள் 212' என்று இருந்தது. மறுநாள் 213 ஆயிற்று. குளியலறையில் விழுந்தால் கணக்கில் சேராது.

வேலையில் அடிபட்டார் என்று எழுதினால் ஆபரேஷன், நஷ்டஈடு. குளியலறை என்றால் மாவுக்கட்டும் விமான டிக்கெட்டும். வாத்தியார் ஆபீசுக்குப் போனான். தமிழ் பேசும் குமாஸ்தா பொறுமையாகக் கேட்டார்.

"கட்டை விட்டது யாரு?"

"நான்தான்."

"அந்த வார்த்தையைக் கத்துக்கொடுத்தது?"

"அதுவும் நான்தான்."

"அப்ப கம்பெனி என்னப்பா பண்ணுச்சு? எழுதிடவா? அவர் பக்கத்து சீட்டே உனக்கும் போட்டுரலாம். ஜன்னலோரம் வேணுமா?"

இரண்டு பேரும் திரும்பிப் போனால் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியாது. சாட்சி என்ற இடத்தில் வாத்தியார் கையெழுத்துப் போட்டான்.

ஏர்போர்ட் வண்டியில் ஏற்றும்போது அத்தான் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது.

"மச்சான், உங்கக்காகிட்ட நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். என்ன நடந்துச்சுன்னு நீயே சொல்லிடு. அது ஒண்ணு எனக்கு நீ தரணும்."

"ஞாயித்துக்கிழமை சொல்லிடறேன் அத்தான்."

ஆறு ஞாயிறு போயிற்று. ஏழாவதில் அக்காவே கூப்பிட்டாள். அத்தான் கம்பு ஊன்றி வாசல்வரை நடக்கிறாராம்.

"வயசு நாப்பதாச்சு, மனுசனுக்குக் குளிக்கத் தெரியல பாரு. என் தோட்டை வித்து பாத்ரூம்ல சொரசொரன்னு கல்லு பதிச்சுட்டேன்டா. மறுபடி வழுக்கிடக் கூடாதுல்ல."

அத்தானுக்குத் தரவேண்டியதை நினைத்து, "அக்கா, அத்தான் வந்து..." என்று ஆரம்பித்தான் வாத்தியார்.

"என்னடா, ஏதோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்லக்கா. என்ன கலர் கல்லு?"