திருநாளன்று நின்ற லாரி

விதோசாவா தன் அண்ணனின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மிலோயே பனியனோடு சமையலறை மேஜையில் சாய்ந்து காப்பியை உறிஞ்சினான்.

"கடைசியா ஒருதரம் சொல்லுண்ணா."

"இந்த வயசுல மனப்பாடம் ஒப்பிக்க வைக்கிறியே."

"சொல்லேன்."

"'அன்னைக்கு வீட்டையும் தொழிலையும் போட்டுக் குழப்பிட்டேன். இனிமே யாருக்காகவும் லாரிய நிறுத்த மாட்டேன்.' போதுமா?"

"கத்துக்கிட்டேன்னு ஒரு வார்த்தை வரணும். அதத்தான் அவங்க கேக்கப் போறாங்க."

"சேத்துக்கிட்டாப் போச்சு. நீ காலரைத் தீச்சிடாதே, என்கிட்ட இருக்கிற ஒரே நல்ல சட்டை அது."

அவன் சொன்னது மெய்தான். மொராவிட்சா பள்ளத்தாக்கில் சொந்தமாகக் குளிர்பதனக் கிடங்கு வைத்து, இருநூறு வீட்டு ராஸ்பெர்ரியை வாங்கி உறைய வைத்து ஜெர்மனிக்கு அனுப்பிக்கொண்டிருந்தவன், மூன்று வருடமாக இன்னொருவர் கிடங்கில் பெட்டி தூக்கும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். இப்போது தோட்டக்காரர்கள் சேர்ந்து சங்கமாகவே ஒரு கிடங்கு கட்டியிருந்தார்கள். அதற்கு நிர்வாகி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முடிவு. பள்ளத்தாக்கில் குளிர்பதனம் தெரிந்தவன் மிலோயேயை விட்டால் ஆளில்லை. ஆனால் அவன் பெயரை எடுத்தாலே எல்லாருக்கும் அந்த லாரிதான் ஞாபகம் வரும்.

விதோசாவா பள்ளியில் வணிகவியல் ஆசிரியை. குளிர்காலத்தில் தோட்ட வேலை ஓய்ந்திருக்கும்போது பெரியவர்களுக்கும் மாலை வகுப்பு எடுப்பாள். முதலில் புத்தகத்தில் இருந்த விமான நிறுவனங்களையும் குளிர்பானக் கம்பெனிகளையும் வைத்துத்தான் கேஸ் ஸ்டடி நடத்தினாள். பின்வரிசையில் குறட்டை கேட்டது. பிறகு பள்ளத்தாக்கில் நடந்ததையே எழுத ஆரம்பித்தாள். மூடிப்போன மரஅறுவை ஆலையை எழுதிய அன்று ஒருவரும் தூங்கவில்லை, இரண்டு பேர் கைகலக்கப் பார்த்தார்கள். அந்த வகுப்பில்தான் சங்கத் தலைவர் ரதேன்கோவும் குழு உறுப்பினர்கள் பலரும் உட்கார்கிறார்கள். ஊர் முதுகுக்குப் பின்னால் பேசுவதை அண்ணன் முன்னாலேயே பேசிவிடட்டும், அவனும் எழுந்து பதில் சொல்லட்டும், அதோடு கணக்கு தீரட்டும் என்பது அவள் எண்ணம்.

ஆறு மணிக்கு வகுப்பு நிறைந்துவிட்டது. மிலோயே இஸ்திரிச் சட்டையோடு கடைசி வரிசையில் வெப்பக்குழாய் ஓரமாக உட்கார்ந்தான். விதோசாவா அந்த லாரிக் கதையை எழுதிய தாள்களைக் கொடுத்தாள். கேஸில் அவன் பெயர் திரு. க. ஊரையும் மாற்றியிருந்தாள். ராஸ்பெர்ரியையும் ஆப்பிளாக்கியிருக்கலாம், ஆனால் ஆப்பிள் ஒரே மதியத்தில் கெட்டுப்போகாது. யாரைப் பற்றி என்று அறையில் எல்லாருக்கும் தெரியும். ஆகவே எல்லாரும் வெகு கவனமாகக் கடைசி வரிசையைப் பாராமல் இருந்தார்கள்.

கதை இதுதான். ஜூலை மாதம், புனித பேதுரு நாள். திரு. க.வின் குடும்பத்துக்கு அதுவே ஸ்லாவா, தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடும் புனிதரின் திருநாள். சரக்கு ஏற்றிய லாரி கிளம்பத் தயாராக முற்றத்தில் நின்றது, அதன் குளிர் இயந்திரம் ஜன்னலுக்கடியில் உறுமிக்கொண்டிருந்தது. பாதிரியார் திருநாள் ரொட்டியை வெட்ட வந்தார். ஜெபம் காதில் விழவில்லை. 'கொஞ்ச நேரம் நிறுத்துப்பா' என்றார் திரு. க. டிரைவர் நிறுத்தினார். ஜெபம் முடிந்தது. ஸ்லாவா அன்று வாசலுக்கு வந்தவரை உட்கார வைக்காமல் அனுப்புவது வழக்கமில்லை; டிரைவரையும் உட்கார வைத்தார்கள். சர்க்கரையும் அக்ரூட்டும் கலந்த அவித்த கோதுமை வந்தது, பழச்சாராயமான ராக்கியா வந்தது, சூப் வந்தது, ஆட்டுக்கறி வந்தது. சாயங்காலம் வரை இயந்திரத்தை யாரும் நினைக்கவில்லை. ஜெர்மனியில் கதவைத் திறந்தபோது பழம் இளகி மறுபடி உறைந்து பாறையாக இருந்தது. சரக்கு திரும்பி வந்தது. கிடங்கு போயிற்று.

"யாரு இந்த திரு. க.ன்னு எனக்குத் தெரியாது," என்று ஆரம்பித்தார் கிழட்டு ஸ்தோயாதின். "ஆனா அவரு வீட்டு ஆட்டுக்கறி பிரமாதம்னு கேள்வி."

எல்லாரும் சிரித்தார்கள். மிலோயேயும் சிரித்தான். விதோசாவாவுக்கு மூச்சு வந்தது.

"சிரிக்காதீங்க தாத்தா," என்றாள் யாஸ்னா. வியன்னாவிலிருந்து திரும்பி வந்து அப்பாவின் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவள். "எங்க வீட்டுப் பழமும் அதுல இருந்துச்சு. அதாவது, அந்த ஊர்ல எங்கள மாதிரி ஒரு வீட்டுப் பழம். ஒரு மாசம் முதுகு ஒடியப் பறிச்சது."

"ஜெபத்துக்கு நிறுத்தினது சரி," என்றார் ரதேன்கோ. குரலை உயர்த்தாமல் பேசும் மனிதர். "அப்புறம் ஏன் ஒருத்தரும் எழுந்து போய்ப் போடல?"

"அன்னைக்கு வீட்டுக்காரர் உக்காரவே கூடாதில்ல தலைவரே? நின்னு பரிமாறணும்," என்றார் ஸ்தோயாதின்.

"நிக்கிறவருக்கு முற்றம் எத்தனை தூரம்?"

ரதேன்கோ வகுப்பை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"நான் சொல்றேன். விருந்தாளிய விட்டுட்டு மெஷினப் பாக்கப் போனான்னு ஊரு பேசும். அந்தப் பயம். ஊர் வாய்க்குப் பயப்படறவர் கையில நாளைக்கு இன்னொரு கிடங்குச் சாவியக் குடுக்கலாமா? அதத்தான் நான் யோசிக்கிறேன்."

இப்போது அவர் திரு. க. என்று சொல்லவில்லை. மிலோயே காலரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

பேச்சைத் தான் நினைத்த வழிக்குத் திருப்ப வேண்டும் என்று விதோசாவாவுக்குப் பட்டது. "சரி. டிரைவர வாசல்லயே அனுப்பியிருக்கணும்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க."

ஸ்தோயாதினைத் தவிர எல்லாக் கைகளும் உயர்ந்தன. தயங்கியவர்களுக்குத் தைரியம் வரட்டும் என்று அவளும் தூக்கினாள்.

"திரு. க. இப்ப இங்க இருந்தா, என்ன கத்துக்கிட்டேன்னு சொல்லுவாரு?"

அதுதான் அவர்கள் பேசி வைத்திருந்த அடையாளம். மிலோயே எழுந்தான். இதற்குள் எல்லாரும் திரும்பிவிட்டார்கள்.

"அன்னைக்கு நான் வீட்டையும் தொழிலையும்..." என்றான். நிறுத்தினான். தங்கையின் கை அப்போதுதான் கீழே இறங்கியது. அவன் அதையே பார்த்தான்.

சொல்லிவிடு அண்ணா, ஒரு வரிதானே, என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

"தலைவரே," என்றான் மிலோயே. "போன வருஷம் உங்க வீட்டு ஸ்லாவாவுல கரண்ட் போச்சு. கம்பி சரிபண்ண ஆள் வந்தான். அவன முதல்ல கம்பத்துல ஏத்தினீங்களா, மேஜையில உக்கார வச்சீங்களா?"

"மெழுகுவர்த்தி வெளிச்சத்துலதான் சாப்பிட்டோம்," என்றார் ஸ்தோயாதின். யாஸ்னா வாயைப் பொத்திக்கொண்டாள். ரதேன்கோவின் கழுத்து சிவந்தது.

"அது என் வீட்டு இருட்டு. இருநூறு வீட்டுப் பழம் இல்ல."

"வாஸ்தவம். மெஷின மறந்தது என் தப்பு, யாரு தலையிலயும் போடல. கத்துக்கிட்டது ஒண்ணு உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு நாள்ல ஸ்லாவா. எனக்கு பேதுருன்னா இன்னொருத்தனுக்கு நிக்கோலா. என் நாள்ல சாவி அவன்கிட்ட இருக்கணும், அவன் நாள்ல என்கிட்ட. அன்னைக்கு நான் வீட்டுக்காரன் மட்டும்தான், கிடங்குக்காரன் இல்ல. அதை மூணு வருஷமா வண்டி ஓட்டிக்கிட்டே யோசிச்சு வச்சிருக்கேன். ஆனா வாசலுக்கு வந்தவன அனுப்பிடுவேன்னு மட்டும் சொல்ல வரல. நாளைக்கே வந்தாலும் உக்கார வைப்பேன்."

யாஸ்னா தாளின் ஓரத்தில் எதையோ குறித்துக்கொண்டாள். ரதேன்கோ தன் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"சாவிய மாத்திக்கிற யோசனை நல்லாருக்கு. அதை எடுத்துக்கறோம். ஆனா மிலோயே, ஞாயித்துக்கிழமை உனக்காக நான் கை தூக்க மாட்டேன்."

அவர் சொன்னால் குழுவில் பாதிப்பேர் சொன்ன மாதிரி. அது அறையில் எல்லாருக்கும் தெரியும்.

"சரி தலைவரே," என்றான் மிலோயே. முகத்தில் கோபம் இல்லை. நாற்காலியில் கிடந்த கோட்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டு, மேஜை வரிசைகளுக்கு நடுவே நடந்து, தங்கை நின்ற இடத்துக்கு வந்தான். மற்றவர்களுக்குக் கேட்காதபடி பேச அவனுக்கு எப்போதும் வராது.

"நீயும் கையத் தூக்கினியே விதோ. அன்னைக்குக் கோதுமைக் கிண்ணத்தோட வாசல்ல நின்னவ நீ. அந்த டிரைவர் தொப்பியக் கழட்டிக்கிட்டு உன் முன்னாடிதான் நின்னான். நீயா இருந்தா அனுப்பியிருப்பியா?"

அவள் வாயெடுத்தாள். பலகையைப் பார்த்தாள், வகுப்பைப் பார்த்தாள். எல்லாரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

மிலோயேயும் காத்திருந்தான். பிறகு கோட்டை மாட்டி, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே போனான்.