சோபாவுக்கு அடியில் போட்ட பலகை

எங்கள் வீட்டு சோபா, மாமா சென்னையில் வீடு மாற்றியபோது கழித்துக் கட்டியது. ஆரணிக்கு வந்து இறங்கும்போதே நடுவில் தொட்டிபோலக் குழிந்துதான் இருந்தது. அப்பா நன்றாக இருந்தவரை அது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. கண்ணமங்கலம் சாலையில் வண்டியோடு விழுந்து, வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்து, கால் இரண்டும் விளங்காமல் அவர் வீடு திரும்பிய பிறகுதான் சோபாவின் லட்சணம் புரிந்தது. உட்கார வைத்தால் உள்ளே இறங்கிக்கொண்டே போவார். தூக்கி நிமிர்த்த இரண்டு ஆள் வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா ரம்பமும் சுத்தியலுமாக வந்தார். சோபாவைக் கவிழ்த்துப் பார்த்தால், உள்ளே பட்டைகள் எல்லாம் அறுந்து தொங்கின.

"மெத்தைக்குக் கீழ ஒரு பலகை போட்டா போதும்ணா. கடைல பிளைவுட் வாங்கியாரேன்" என்றார்.

"கடைக்கு இன்னாத்துக்குப் போற? தறிப் பலகை சும்மாதான கெடக்குது. அத்த எடு" என்றார் அப்பா.

தறிக்குழியின் விளிம்பில் கிடக்கும் பலகை அது. அதில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு, கட்டையை மிதித்து மிதித்துத்தான் அப்பா பட்டுப்புடவை நெய்வார். எங்கள் கால் தவறிப் பட்டால்கூட அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் அம்மா வெள்ளிதோறும் அதைத் துடைத்து மஞ்சள், குங்குமம் வைத்தாள். அப்பா மறுபடி தறியில் உட்காருவார் என்று நம்பிக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "அது வாணாங்க. கால் சரியாச்சினா எதுல உக்காருவீங்க?"

அப்பா அவள் பக்கம் திரும்பவில்லை. "ஜல்தி அறுடா. முதுகு வலிக்குது" என்றார் சித்தப்பாவிடம்.

சித்தப்பா ரம்பத்தை வைத்ததும் பலகை ஆடியது. "செத்த புடிச்சிக்கங்க அண்ணி" என்றார். அம்மா குங்குமம் வைத்திருந்த முனையைப் பிடித்துக்கொண்டு, அறுத்து முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். எனக்கோ அப்பாவின் மூளையை நினைத்து ஒரே பெருமை.

சோபா கல்போல ஆகிவிட்டது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பலகை இல்லாத குழியில் தம்பி விழுந்துவிடுவான் என்று, மறுநாள் தறியைப் பிரித்துச் சுவரோரம் சாய்த்துவிட்டுச் சித்தப்பா மண்ணைக் கொட்டினார். அப்பா சோபாவில் இருந்தபடியே எங்களைக் கூப்பிட்டு, "நல்லா மிதிங்க. அப்பதான் மண்ணு எறங்கும்" என்றார்.

நானும் தம்பியும் கைகோத்துக்கொண்டு மிதித்தோம். வீட்டுக்குள்ளேயே விளையாட இவ்வளவு பெரிய இடம் கிடைத்துவிட்டதே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று முழுக்க அம்மா ஏன் அந்த அறைப்பக்கமே வரவில்லை என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.